கடையிலிருந்து சரக்கு கூடுதலாக வந்துவிட்டதா? வைத்துக்கொள்ளலாமா, எப்படித் திருப்பிக் கொடுப்பது

போன ஐப்பசியில் திருநெல்வேலி வி.எம்.சத்திரத்தில் எங்கள் வீட்டு வேலை கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. தரைக்கு டைல்ஸ் இறங்கியது. பில்லில் 34 பெட்டி, வந்து இறங்கியது 42 பெட்டி. எட்டுப் பெட்டி கூடுதல் என்று எனக்குத் தெரிந்ததே எட்டாம் நாள்தான், அதைச் சரிசெய்து முடிக்க இன்னும் பதினெட்டு நாள் ஆயிற்று. அந்தப் பதினெட்டு நாளில் நான் அலைந்த அலைச்சலில் பாதி, என்ன செய்ய வேண்டும் என்று தெரியாததால் வந்தது. மீதிப் பாதி, தெரிந்தும் ஆறு நாள் சும்மா இருந்ததால் வந்தது. முதல்முறையாக வீடு கட்டுபவர்களும், ஊருக்குப் புதிதாகக் குடிவந்து வீட்டுச் சாமான் இறக்குபவர்களும் இந்த அலைச்சல் படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சரக்கு உங்களுடையது இல்லை. அதே நேரம், அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போக வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. சொல்ல வேண்டியது மட்டும் உங்கள் வேலை, அதை உடனே சொல்ல வேண்டும்.

1. எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

எங்களுக்கு லோடு வந்தது ராத்திரி ஏழரை மணிக்கு, மழை வேறு. லோடுமேன்கள் நனையாமல் இறக்குவதிலேயே குறியாக இருந்தார்கள், டிரைவர் தம்பி சலானை நீட்டினார், நான் செல்போன் வெளிச்சத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். சலானின் கீழே பொடி எழுத்தில் 'மேற்கண்ட சரக்கைச் சரியாகப் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்தது. 34 பெட்டி வாங்கிக்கொண்டதாக நானே எழுதிக் கொடுத்துவிட்டேன் என்பது பின்னால்தான் உறைத்தது. சரக்கு குறைவாக வந்திருந்தாலும் அந்தக் கையெழுத்து எனக்கு எதிராகத்தான் பேசியிருக்கும்.

லோடு வரும்போது மூன்று தாள்கள் கையில் இருக்கட்டும்: நீங்கள் ஆர்டர் கொடுத்தபோது கடையில் எழுதித் தந்த கொட்டேஷன், ஜி.எஸ்.டி. பில், வண்டியோடு வரும் டெலிவரி சலான். மூன்றிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். டைல்ஸ் என்றால் ஒரு தாளில் பெட்டிக் கணக்கும் இன்னொன்றில் சதுர அடிக் கணக்கும் இருக்கும், அங்கேதான் குழப்பம் வரும். 2 அடிக்கு 2 அடி என்று சொல்லி விற்றாலும் அது உண்மையில் 60 செ.மீ. டைல்தான். ஒரு பெட்டியில் நாலு டைல் என்றால் பதினாறு சதுர அடி வராது, ஏறக்குறைய பதினைந்தரைதான் வரும். பில்லில் உள்ள சதுர அடியைப் பதினைந்தரையால் வகுத்தால் பெட்டிக் கணக்கு கிடைத்துவிடும்.

எண்ணிக்கை மாறினால் சலானிலேயே, கையெழுத்துக்கு மேலே, 'பில் 34, இறங்கியது 42' என்று எழுதுங்கள். எழுதியதை டிரைவர் முன்னாலேயே போட்டோ எடுங்கள். இருட்டு, மழை, எண்ண முடியவில்லை என்றால் 'எண்ணவில்லை, நாளை காலை எண்ணிச் சொல்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். டிரைவர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். நீங்கள் ஊரில் இல்லாமல் கொத்தனாரோ வாட்ச்மேனோ இறக்குகிறார் என்றால் இதே சொல்லை அவரிடமும் சொல்லிவையுங்கள்.

2. உண்மையிலேயே கூடுதல்தானா?

கூட இருப்பதெல்லாம் தவறுதலாக வந்தது இல்லை. செங்கல் லோடில் உடைசலுக்கென்று கொஞ்சம் சேர்த்துப் போடுவது சில இடத்தில் வழக்கம். சில சரக்குக்குப் பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்று திட்டம் இருக்கும், பில்லில் பூஜ்ய விலையில் தனி வரியாக அது வந்திருக்கும். வீட்டில் வேறு யாராவது போன் போட்டு இன்னும் நாலு பெட்டி சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கவும் கூடும். எங்கள் வீட்டில் மாமாவிடம் கேட்டேன், டைல்ஸ் ஒட்டுபவரிடம் கேட்டேன், யாரும் சொல்லவில்லை.

அடுத்து பெட்டியின் மேலிருக்கும் எழுத்தைப் பாருங்கள். மாடல் பெயர், அளவு, பேட்ச் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பது), ஷேடு எண் (எந்த நிறச் சாயல் என்பது) எல்லாம் அச்சடித்திருக்கும். எல்லாப் பெட்டியிலும் ஒரே எண் என்றால் குடோனில் எண்ணும்போது பிசகியிருக்கலாம். சில பெட்டிகளில் மட்டும் வேறு எண் இருந்தால், அது பெரும்பாலும் அதே வண்டியில் வந்த இன்னொரு வீட்டுச் சரக்கு. எங்கள் எட்டுப் பெட்டியில் ஷேடு எண் வேறாக இருந்தது. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும், இந்த ஊரில் எங்கேயோ ஒரு வீட்டில் எட்டுப் பெட்டி குறைகிறது என்று.

கம்பியும் மணலும் எண்ணிப் பார்க்கும் சரக்கு இல்லை. கம்பிக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி, 12 மீட்டர் நீளம் என்றால் ஒன்று ஏறக்குறைய 10.7 கிலோ. கம்பிகளை எண்ணிப் பெருக்கி, எடைமேடைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொஞ்சம் முன்பின் இருந்தால் அது எடை வித்தியாசம், கட்டுக் கணக்கில் கூடினால்தான் பிசகு. எம்-சாண்டு, ஜல்லி எல்லாம் யூனிட் கணக்கு, ஒரு யூனிட் என்பது 100 கன அடி. வண்டியின் உள் நீளம், அகலம், சரக்கு நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, தட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். தரையில் கொட்டிய பிறகு அரை யூனிட் கூட வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

3. வைத்துக்கொண்டால் என்ன?

என் சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, 'கடவுளாப் பார்த்துக் கொடுத்திருக்கான், பேசாம இரு. அவன் கடையில இது ஒரு கணக்கா?' என்றார். நான் பேசாமல் இருந்தேன். இந்த இடத்தில்தான் எல்லோரும் வழுக்குகிறோம். அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 72ஆம் பிரிவு: பிழையாக ஒருவரிடம் பணமோ பொருளோ வந்து சேர்ந்தால் அவர் அதைத் திருப்பித் தர வேண்டும். அதே சட்டத்தின் 70ஆம் பிரிவுக்குக் கீழே ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வியாபாரி தவறுதலாக ஒரு வீட்டில் சரக்கை விட்டுப் போகிறார், வீட்டுக்காரர் அதைத் தன் பொருளாகப் பாவித்துப் பயன்படுத்துகிறார், அப்படியானால் அவர் அதற்குப் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று. படித்தபோது எங்கள் வீட்டுக் கதையையே எழுதி வைத்த மாதிரி இருந்தது.

1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், 37ஆம் பிரிவு இன்னும் நேராகப் பேசுகிறது. கேட்டதைவிடக் கூடுதலாக வந்தால் உங்களுக்கு மூன்று வழி. கேட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வேண்டாம் எனலாம். மொத்தத்தையும் வேண்டாம் எனலாம். அல்லது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பேசிய விலைக்கே கூடுதலுக்கும் பணம் கொடுக்கலாம். நாலாவதாக, எடுத்துக்கொண்டு பணம் கொடுக்காமல் இருப்பது என்று ஒரு வழி அங்கே இல்லை. 43ஆம் பிரிவு உங்களுக்குச் சாதகமானது: வேண்டாம் என்று சொன்ன சரக்கை நீங்கள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை, வேண்டாம் என்று கடைக்காரருக்குத் தெரிவித்தாலே போதும். ஆனால் 42ஆம் பிரிவில் ஒரு கண்ணி இருக்கிறது. நியாயமான காலத்துக்குள் எதுவும் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தால் நீங்கள் ஏற்றுக்கொண்டதாகவே ஆகும். இத்தனை நாள் என்று அதில் எழுதவில்லை. அதனால் இன்றைக்கே சொல்லிவிடுவதுதான் பாதுகாப்பு.

போலீஸ் வரை போகுமா என்று கேட்பீர்கள். அறியாமல் வாங்கி வைத்தது குற்றம் இல்லை. அடுத்தவர் பொருள் என்று தெரிந்த பிறகும் நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொண்டால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு வருகிறது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு வருடம் வரை சிறை, அதோடு அபராதமும். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 403ஆம் பிரிவாக இருந்தது இதுதான். எட்டுப் பெட்டி டைல்ஸுக்காக யாரும் ஸ்டேஷனுக்குப் போகப் போவதில்லை என்றாலும், தெரியாமல் வைத்திருப்பதும் தெரிந்து வைத்திருப்பதும் ஒன்றல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

'கேட்காமல் வந்த பொருள் இலவசம், அதுதான் சட்டம்' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆர்டர் செய்யாமலே தபாலில் வந்த பொருளைப் பரிசாக வைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்காவில் ஒரு சட்டம் இருக்கிறது, அதைக் கேட்டுவிட்டுச் சொல்வது. திருநெல்வேலியில் கடையில் ஆர்டர் கொடுத்து, எண்ணிக்கை பிசகி வந்த சரக்குக்கு அதைக் கொண்டுவந்து பொருத்தாதீர்கள்.

4. அன்றைக்கே சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள்

பதினாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவர் தம்பி பைக்கில் வந்தார். அன்றைக்கு அந்த வண்டியில் போன லோடில் எட்டுப் பெட்டி மேலப்பாளையத்தில் ஒரு வீட்டுக்குக் குறைந்துவிட்டதாம், அங்கே மூன்று நாள் வேலை நின்றுவிட்டதாம், கடை வேறு எட்டுப் பெட்டி அனுப்பிவிட்டு அந்தப் பணத்தை இவர் சம்பளத்தில் வாரம் ஆயிரமாகப் பிடிக்கிறார்களாம். அன்று சரக்கு இறக்கிய வீடுகளுக்கெல்லாம் லீவு நாளில் ஒவ்வொன்றாகப் போய்க் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். 'அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க, பெட்டியை ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கிடட்டுமா?' என்றார். எண்ணுவதற்கு என்ன இருக்கிறது, எனக்குத்தான் ஆறு நாளாகத் தெரியுமே. பெரிய கடைக்கு எட்டுப் பெட்டி ஒரு கணக்கா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த நாளில், அந்தக் கணக்கை வாரச் சம்பளக்காரர் ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அதனால் தெரிந்த அன்றைக்கே சொல்லுங்கள். போனில் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். நான் போன் போட்டபோது கவுண்டரில் இருந்த பையன், 'கூடல்லாம் வந்திருக்காதுக்கா, சிஸ்டத்துல ஸ்டாக் சரியாத்தான் இருக்கு' என்று வைத்துவிட்டான். அவன் சொன்னதும் பொய்யில்லை. பில் போட்ட கணக்குப்படிதான் கம்ப்யூட்டரில் ஸ்டாக் குறையும், ஒரு வீட்டுச் சரக்கு இன்னொரு வீட்டில் இறங்கினால் மொத்தக் கணக்கில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆகவே கவுண்டரோடு நிறுத்தாமல் முதலாளியின் எண்ணுக்கோ, பில்லில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கோ வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். நான் அனுப்பியதையே கொஞ்சம் திருத்தித் தருகிறேன்:

'அண்ணாச்சி, வணக்கம். பில் எண் ..., தேதி .... பில்லில் 34 பெட்டி, எங்கள் வீட்டில் இறங்கியது 42 பெட்டி. கூடுதல் 8 பெட்டியை நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். உங்கள் வண்டியை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், வருவதற்கு முந்தின நாள் தகவல் சொல்லுங்கள். போட்டோ இணைத்திருக்கிறேன்.'

'ஏற்றுக்கொள்ளவில்லை' என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். போட்டோ மூன்று எடுங்கள்: எல்லாப் பெட்டியும் தெரிகிற மாதிரி ஒன்று, கூடுதல் பெட்டிகள் மட்டும் ஒன்று, ஷேடு எண் படிக்கும்படி நெருக்கத்தில் ஒன்று. காலையில் கடை திறந்த நேரம் பேசாதீர்கள், லோடு ஏற்றும் பரபரப்பில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். பதினொரு மணிக்கு மேல் பேசினால் நின்று பதில் சொல்வார்கள். டிரைவர் தம்பி வந்துபோன மூன்றாம் நாள் நான் நேரிலேயே போய் முதலாளி அண்ணாச்சியைப் பார்த்தேன், அவர் குடோனுக்குப் போன் போட்டு ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்தது. கவுண்டரில் மூன்று நாள் நகராதது அது.

தவறு யாருடையது என்று கடையில் பேச்சு வரும்போது, டிரைவர் பெயரை நீங்களாக இழுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே பிடித்தம் நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும், 'சரக்கு இங்கே இருக்கிறது, அவர் சம்பளத்தில் பிடித்ததைக் கொடுத்துவிடுங்கள்' என்று முதலாளியிடமே கேளுங்கள். நான் கேட்டேன். வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி எழுதிப் போட்டேன்.

5. வண்டி வரும் வரை

உங்கள் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வீர்களோ அப்படிப் பார்த்துக்கொண்டால் போதும், அதற்கு மேல் சட்டம் உங்களிடம் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த அளவு அவசியம். பெட்டியைப் பிரிக்காதீர்கள். மேலே மார்க்கரில் 'கடைக்குத் திரும்ப' என்று எழுதி, வேலை நடக்கும் அறையிலிருந்து தள்ளி வையுங்கள். வேலைக்கு வருபவர்களிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள், எங்களுக்கு மூன்று பெட்டி போனது சொல்லாததால்தான்.

சிமென்ட் மூட்டை என்றால் அவசரம். பலகை போட்டு, சுவரில் படாமல், தார்ப்பாய் மூடி வையுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் ஏறினால் கட்டி தட்டிவிடும், நன்றாக வைத்திருந்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் சிமென்டுக்குப் பலம் குறையும். எடுத்துக்கொண்டு போங்கள் என்று கடைக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொன்னால் சீக்கிரம் வருவார்கள்.

6. திருப்பிக் கொடுக்கும் நாள்

வண்டிச் செலவு கடையுடையது. 'நீங்களே ஒரு குட்டியானை பிடிச்சு அனுப்பிருங்க' என்று எங்களிடமும் சொன்னார்கள், கேட்டதற்கு எழுநூறு ரூபாய் வாடகை சொன்னார்கள். நான் மரியாதையாகவே மறுத்தேன். தவறு அவர்கள் பக்கம், கொண்டுவந்து சேர்க்கும் கடமை எனக்கு இல்லை, இந்தப் பக்கம் வேறு லோடு வரும்போது எடுத்துக்கொள்ளட்டும், அவசரமில்லை என்றேன். அப்படி ஒரு வண்டி வர ஒன்பது நாள் ஆனது. காத்திருக்க முடியாது, இடம் அடைக்கிறது என்பவர்கள் வாடகையைப் பாதி பாதியாகப் பேசலாம், அதை முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வருபவர் கடை ஆள்தானா என்று உறுதி செய்யாமல் ஒரு பெட்டியும் தூக்க விடாதீர்கள். வண்டி எண்ணையும் ஆள் பெயரையும் கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள். முன் தகவல் இல்லாமல் வந்து 'முதலாளி அனுப்பினார்' என்றால் அங்கேயே நிற்கவைத்துக் கடைக்குப் போன் போடுங்கள். இன்னொன்றும் நடக்கும். ஏற்ற வருபவர்களில் யாராவது, 'நாலு பெட்டின்னு எழுதிக்கிடுவோம், மிச்சத்தை நான் வித்துத் தாரேன், பாதி உங்களுக்கு' என்று மெல்லச் சொல்லலாம். அதற்குத் தலையாட்டினால் முன்னால் சொன்ன 314ஆம் பிரிவுக்குள் நீங்களாகவே நடந்து போகிறீர்கள்.

சரக்கு ஏறியதும் ரசீது வாங்காமல் வண்டியை அனுப்பாதீர்கள். வெள்ளைத் தாளில் எழுதினாலும் பரவாயில்லை. பழைய பில் எண், பெட்டி எண்ணிக்கை, மாடல், ஷேடு எண், 'பிரிக்காத பெட்டி, உடைசல் இல்லை' என்ற வரி, தேதி, நேரம், வாங்கியவர் பெயர், கையெழுத்து எல்லாம் இருக்கட்டும், கடை முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் பணம் கட்டாத சரக்கு என்பதால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் கடை தரும் சீட்டு) தேவைப்படாது. பில்லிலேயே கூடுதலாகப் போட்டு உங்களிடம் பணமும் வாங்கியிருந்தால்தான் கிரெடிட் நோட் கேட்க வேண்டும், பணம் திரும்ப வந்தது அதில்தான் கணக்காகும். திரும்பப் போகும் சரக்கின் மதிப்பு ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் என்றால் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோக ஈ-வே பில் (ஜி.எஸ்.டி.யில் சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வேண்டும், அதைப் போடச் சொல்லிக் கடையிடமே விட்டுவிடுங்கள்.

லோடுமேன் கூலி கடை தரும். நான் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, நூறு ரூபாய் கொடுத்தேன், அது என் விருப்பம்.

7. பயன்படுத்திவிட்டால், அல்லது வேண்டுமென்றால்

எங்கள் எட்டுப் பெட்டியில் மூன்றை டைல்ஸ் ஒட்டுபவர் ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டார். மிச்சம் இருக்கிறதே, வீணாகப் போகாமல் போடுவோம் என்று நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அதைப் பெயர்த்தெடுக்க முடியாது. கடையில் பெட்டிக்கு 910 ரூபாய் கேட்டார்கள், விலை ஏறிவிட்டதாம். எங்கள் பில்லில் வரியோடு 840. 37ஆம் பிரிவின்படி பேசிய விலைதான் என்று பில்லைக் காட்டினேன், ஒத்துக்கொண்டார்கள். மூன்று பெட்டிக்கு 2,520 ரூபாய். நீங்கள் கேட்ட அதே சரக்கு கூடுதலாக வந்திருந்தால் இந்தக் கணக்கு சரி. வேறு மாடல், வேறு கம்பெனி என்று வந்திருந்தால் அதற்கு விலையே பேசவில்லையே, ஆகவே தொடுவதற்கு முன்பே விலை பேசிக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கும்போது மூன்று பெட்டிக்கும் தனி பில் கேளுங்கள். பணம் கடை பெயரில் இருக்கும் கணக்குக்கோ, கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆருக்கோ போகட்டும். 'என் நம்பருக்கு ஜிபே போட்டுருங்க' என்று ஊழியர் சொன்னால் வேண்டாம், நாளைக்குக் கடை ஏட்டில் அந்தப் பணம் இருக்காது.

ஒன்று இரண்டு பெட்டி கூடுதலாக, அதே ஷேடில் வந்திருந்தால், விலை கொடுத்து வாங்கி வைப்பதைப் பற்றி யோசியுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு டைல் உடைந்தால் அதே ஷேடு கிடைப்பது குதிரைக்கொம்பு.

கடைக்காரரே 'நீங்களே வச்சுக்கிடுங்க, பரவால்ல' என்று சொல்வதும் உண்டு. சொல்பவர் முதலாளியா, கவுண்டர் பையனா என்று பாருங்கள். முதலாளி சொன்னால், 'நீங்கள் சொன்னபடி கூடுதல் சரக்கை விலையில்லாமல் வைத்துக்கொள்கிறோம்' என்று வாட்ஸ்அப்பில் போட்டு, அவர் 'சரி' என்று பதில் போட்ட பிறகு பயன்படுத்துங்கள். அப்போது அது உங்களுடையது.

8. கடை வரவே இல்லை என்றால்

ஒரு வாரம் பார்த்துவிட்டு இரண்டாவது செய்தி. இன்னும் ஒரு வாரம் போனால் ஒரு பக்கக் கடிதம், ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இத்தனாம் தேதிக்குள் எடுக்கவில்லை என்றால் இடம் இல்லாததால் வேறு இடத்தில் வைக்க வேண்டியிருக்கும், அந்தச் செலவைக் கேட்போம் என்று எழுதலாம். விற்றுவிடுவேன் என்று எழுதாதீர்கள், விற்கவும் விற்காதீர்கள். இதுமாதிரிப் பணத்துக்கும் பொருளுக்கும் வழக்குப் போட மூன்று வருடம் காலம் உண்டு, பிழையால் நடந்தது என்றால் பிழை தெரிய வந்த நாளிலிருந்து அதை எண்ணுவார்கள். அதனால் பில், சலான், போட்டோ, செய்தி, ரசீது எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மெயிலிலும் போட்டு வையுங்கள், போன் மாறினால் போய்விடும்.

கடை உங்கள்மேல் பழிபோட்டு, வராத சரக்குக்கும் பணம் கேட்கிறது, மிரட்டுகிறது என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம். வக்கீலுக்குச் செலவழிக்க முடியாதவர்கள் 15100க்குப் பேசினால் சட்ட உதவி பற்றிச் சொல்வார்கள், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும் கேட்கலாம்.

9. சின்னச் சாமானும் ஆன்லைன் பார்சலும்

மாதச் சாமான் வாங்கும்போது ஒரு எண்ணெய் பாக்கெட் கூட வந்துவிட்டது, தீபாவளி ஜவுளிப் பையில் பில் போடாத ஒரு துண்டு இருக்கிறது என்றால் இவ்வளவு நடைமுறை வேண்டாம். போன் போட்டுச் சொல்லிவிட்டு அடுத்த தடவை போகும்போது கொடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: பில் போடாத பொருளோடு பெரிய கடைக்குள் நுழையும்போது வாசலில் நிற்கும் செக்யூரிட்டியிடம் முதலிலேயே சொல்லி, பில்லையும் காட்டிவிட்டு உள்ளே போங்கள். இல்லையென்றால் வெளியே வரும்போது சங்கடமாகிவிடும். மருந்துக்கடையில் கூடுதலாக ஒரு அட்டை வந்திருந்தால் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள், இன்சுலின் மாதிரி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதாக இருந்தால் அதுவரை ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ஆன்லைனில் ஒன்று கேட்டு இரண்டு வந்தால், ஆப்பில் ரிட்டர்ன் பட்டனை அழுத்தாதீர்கள். அது நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பொருளையே திருப்பி அனுப்புவதாகப் பதிவாகும், பிறகு எது எதற்கு என்று யாருக்கும் புரியாது. கஸ்டமர் கேர் சாட்டில் எழுதி, புகார் எண் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். மின் வணிக விதிகள் 2020இன்படி அவர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பிக்கப்புக்கு வருபவரிடம், ஆப்பிலேயே ரிட்டர்ன் பதிவாகியிருந்தால் தவிர ஓடிபி எதுவும் சொல்லாதீர்கள். ஆர்டரே கொடுக்காமல் உங்கள் பெயருக்கு ஒரு பார்சல் வந்து, உள்ளே க்யூஆர் அட்டை இருந்தால் அதை ஸ்கேன் செய்ய வேண்டாம். பணம் கொடுத்து வாங்கும் பார்சல் என்றால் வாங்காமலே திருப்பி அனுப்புங்கள்.

எங்கள் விஷயத்தில் கடைசியாக வந்த தாள் ஐந்து பெட்டிக்கான ரசீது, அதன் பின்னால் மூன்று பெட்டிக்கான பில்லைக் குத்தி வைத்திருக்கிறேன். அதற்கு அடுத்த சனிக்கிழமை டிரைவர் தம்பி போன் செய்து, பிடித்த பணம் மொத்தமும் சம்பளத்தோடு வந்துவிட்டது என்றார்.